கச்சானில் ஃபெரட்டுக்கு மூச்சு வாங்குகிறது, ஐஸ் தண்ணீர் வார்க்கலாமா?

கேள்வி: கொழும்பில் ஒரு தரகர் மூலம், கீரி மாதிரி இருக்கும் வெளிநாட்டு வளர்ப்புப் பிராணியான ஃபெரட் ஒன்று வாங்கினோம். கடுவன், ஒரு வயது என்றார். கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து மத்தியானத்தில் தரையோடு தரையாகக் கிடந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. ஃபேனுக்கு முன்னால் கூட்டை வைத்தும் குறையவில்லை. ஐஸ் தண்ணீரில் குளிக்க வார்க்கலாமா? சாப்பாடு, நாங்கள் சாப்பிடும் சோறும் மீன்குழம்பும்தான். தடுப்பூசி போட அதே தரகர் ஆள் அனுப்புவதாகச் சொல்கிறார். நம்பலாமா? (உப்புவெளி வாசகர்)

பதில்: ஐஸ் தண்ணீர் வேண்டாம். அது பட்டவுடன் தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். உள்ளே இருக்கிற சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். கிணற்றுத் தண்ணீர் போதும். குழாய்த் தண்ணீர் என்றால் கூரைமேல் தாங்கியில் மத்தியானம் முழுக்க வெயில் குடித்த தண்ணீராக இருக்கக் கூடாது, கையை வைத்துப் பாருங்கள். கால், வயிறு, காது மூன்றையும் நனைத்துவிட்டு, அதற்குப் பிறகு ஃபேனைப் போடுங்கள். ஃபெரட்டுக்கு எங்களைப் போல வியர்க்காது. காய்ந்த உடம்பில் ஃபேன் காற்றுப் பட்டு என்ன பயன்? கச்சான் காற்றைத்தான் திருப்பி அடிப்பீர்கள். நனைத்துக் கால் மணி நேரத்தில் எழுந்து நடமாடாவிட்டால், அல்லது வாயில் எச்சில் ஒழுகினால், ஈரத்துணியில் கிடத்திக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

இது ஐரோப்பாவின் குளிரில் வாழும் போல்கேட் என்ற காட்டு மிருக இனத்திலிருந்து வந்த பிராணி. 15 தொடக்கம் 21 பாகை செல்சியஸ் அதற்குச் சுகம். 27ஐத் தாண்டினால் தவிக்கும், 30க்கு மேல் உயிருக்கே ஆபத்து. எங்கள் ஊரில் மே தொடக்கம் ஆகஸ்ட் வரை மத்தியானத்தில் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏசி அறை இருந்தால் அங்கே வையுங்கள். ஆனால் ஏசியை மட்டும் நம்பாதீர்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கறண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தகரக் கூரைக்குக் கீழே கூடு வேண்டாம். வாய் அகன்ற மண்பானை ஒன்றை ஈரமணலில் படுக்கவைத்து, மேலே நனைத்த சாக்கைப் போடுங்கள். கச்சான் வறண்ட காற்று, சாக்கு காயக் காயப் பானை குளிரும். உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதுவே வந்து சாய்ந்துகொள்ளும்.

இனிச் சாப்பாடு. சோற்றை இன்றே நிறுத்துங்கள். ஃபெரட் முழுக்க முழுக்க இறைச்சி தின்னி. அதன் குடல் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். சோறு, புட்டு, பாண், வாழைப்பழம் எதையும் அந்தக் குடலால் ஒழுங்காகச் செரிக்க முடியாது. மீன்குழம்பில் வெங்காயம் இருக்கிறது, அது செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். கோழி இறைச்சி, இதயம், கொஞ்சம் ஈரல், அல்லது நல்ல பூனைக்குட்டித் தீவனம். கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை கொடுங்கள்.

இனிப்பு அறவே கூடாது. ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. உங்களுடையதற்கு ஒரு வயதுதான், இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போய்க் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று வயதுக்கு மேல் ஃபெரட்டுகளுக்குக் கணையத்தில் கட்டி வருவது சாதாரணம். இன்சுலின் கூடி இரத்தத்தில் சீனி விழுந்துவிடும். பின்னங்கால் இழுபடும், வாயை முன்னங்காலால் பிறாண்டும், வெறித்துப் பார்த்தபடி அப்படியே நிற்கும். அப்போது மட்டும் ஒரு சொட்டுத் தேனை முரசில், அதாவது பல் ஈறில், தடவலாம். முரசில்தான், தொண்டைக்குள் ஊற்றுவதில்லை. வலிப்பு வந்திருந்தால் விரலை வாய்க்குள் விடாதீர்கள், பஞ்சுக் குச்சியால் தடவுங்கள். தெளிந்தவுடன் இறைச்சி கொடுத்துவிட்டு வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டு போய், "டொக்டர் சொன்னவர்" என்று தினமும் காலையில் ஒரு கரண்டி தேன் தீத்தினார். நான் சொன்னது எது, அவர் செய்தது எது!

இறப்பர் செருப்பு, பிள்ளைகளின் அழிறப்பர் எதுவும் தரையில் கிடக்க விடாதீர்கள். கடித்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

இப்போது தரகர். இவர்களைப் பற்றி எழுதாமல் என்னால் பேனாவை வைக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் பெட்டியோடு வந்தார். மோட்டார் சைக்கிள் வாங்க வைத்திருந்த காசில் வாங்கிய ஃபெரட்டாம். பெட்டியைத் திறந்தால் கீரிக்குட்டி! எங்கள் பற்றையில் ஓடித் திரிகிற அதே கீரி. தரகர் கொடுத்த பேப்பரைப் பார்த்தேன், அதில் "ஸ்மோல் டோக்" என்று அடித்திருந்தது.

வெளிநாட்டு மிருகம் ஒன்று இங்கே வருவதென்றால் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியை அது வருமுன்பே எடுத்திருக்க வேண்டும். "பிறகு எடுத்துத் தாறன்" என்பது சுத்தப் பொய். காட்டில் பிடித்த குட்டி என்றால் வனஜீவராசிகள் சட்டம் குறுக்கே வரும். திருகோணமலைக் கோட்டை வாசலில் புள்ளிமானுக்கு வாழைப்பழம் நீட்டிப் பழகிய ஊர் இது, காட்டு மிருகமும் வீட்டு மிருகம்தான் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. சந்தேகத்தைக் கேட்டுத் தெளியலாம் என்று அன்று நான் ஒரு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அது எங்கள் வேலையில்லை, மற்றவர்களிடம் கேளுங்கள் என்றார்கள். மற்றவர்கள் முதலாமவர்களிடமே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை மதியச் சாப்பாட்டு நேரமாம். தரகரோ முதல் மணியிலேயே தொலைபேசியை எடுக்கிறார், பிறகு ஏன் சனம் அவரிடம் போகாது?

அவர் அனுப்புகிற ஆளிடம் ஊசி போடாதீர்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் ஃபெரட்டைத் தொற்றினால் அநேகமாகத் தப்பாது, தெரு நாய்களை வாசலில் அண்ட விடாதீர்கள். அதற்காக நாய்க்குப் போடும் கூட்டு ஊசியைக் கண்மதிப்பில் ஏற்றுவதும் விபரீதம். சிலவகை உயிருள்ள தடுப்பூசி அந்த நோயையே கொடுத்துவிடும். மருந்துக் குப்பியின் லேபிளைப் பதிவுபெற்ற மிருக வைத்தியர் பார்த்துத் தீர்மானிக்கட்டும். "நாற்றப்பையை வெட்டிவிட்டால் மணக்காது" என்றும் அந்த ஆள் சொல்லுவார். அந்த வாடை தோலிலிருந்து வருவது, வெட்டினாலும் போகாது. அடிக்கடி குளிக்க வார்த்தால் எண்ணெய் கூடி இன்னும் மணக்கும்.

ஃபெரட்டும் கீரியும் எப்படி வேறுபடும்? முகத்தில் முகமூடி போட்டது போலக் கருமை, மேல்முடிக்கு அடியில் வெளிறிய பஞ்சு முடி, உடம்பில் பாதிக்கும் குறைந்த வால், நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் தூக்கம்: இவை ஃபெரட். கீரியின் வால் ஏறக்குறைய உடம்பளவு நீளம், பகலெல்லாம் சுறுசுறுப்பு. இந்த ஊர்க் கீரி கச்சானில் இப்படித் தவிக்காது, ஆகவே உங்களுடையது ஃபெரட்டாகவே இருக்கலாம். ஆனால் நோய்ப்பட்ட கீரியும் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், விசர் நோயும் கீரிக்கு வரும். வீட்டில் யாரையாவது கடித்திருந்தால் இப்போதே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

அது தூங்கும்போது முதுகில் உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். கறுப்பும் வெளிறலும் மாறி மாறி வளையம் வளையமாகத் தெரிந்தால் அது கீரி. படமெடுத்து அனுப்புங்கள், வால் முழுவதும் தெரியும்படி இன்னொன்றும்.