சந்தா வீட்டில் குடியேறலாமா?

தம்பி, வீடு தேடி அலைவதற்குப் பதில், மாதச் சந்தா கட்டி ஒரே நிறுவனத்தின் வீடுகளில் ஊர் ஊராக மாறித் தங்கி, அங்கிருந்தே வேலை பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு மூன்று மாதத்துக்குத் தாராளமாக எடுங்கள். அதையே நிரந்தரமாக நம்பி இருக்க வேண்டாம்.

புதிதாக வருகிறவரிடம் வீட்டுக்காரர்கள் உள்ளூர்ச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், கடன் வரலாறு கேட்பார்கள், முன்பு இருந்த வீட்டிலிருந்து கடிதம் கேட்பார்கள். நேற்று வந்து இறங்கியவர் இதற்கெல்லாம் எங்கே போவார்? சந்தா நிறுவனம் பாஸ்போர்ட்டையும் கார்டையும் பார்த்துச் சாவியைக் கொடுத்துவிடும். கட்டில், வைஃபை, மின்கட்டணம் எல்லாம் அதிலேயே அடக்கம். வந்த புதிதில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அங்கே நீங்கள் பெரும்பாலும் விருந்தினர்தான், குடித்தனக்காரர் இல்லை. வாடகைச் சட்டம் தரும் பாதுகாப்பு பல இடங்களில் உங்களுக்குக் கிடைக்காது. முகவரிதான் இன்னும் பெரிய தலைவலி. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள்: குடிவந்த 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு இடம் கொடுத்தவர் தரும் சான்று வேண்டும். பதிவு தள்ளிப்போனால் வரி எண்ணும் தள்ளிப்போகும், வங்கிக் கணக்கும் இழுக்கும். அதனால் பணம் கட்டும் முன்பே, "இந்த முகவரியில் பதிவு செய்யச் சான்று தருவீர்களா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்றால் அது பதிலே இல்லை.

ஆண்டுச் சந்தா மலிவு என்று மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். பனாமாவில் தொடங்கி இத்தகைய சந்தாவும் விற்ற ஸெலினா என்ற விடுதி நிறுவனம் 2024-இல் திவாலானது. குறுகிய காலத்துக்கு வீடுகளை வாடகைக்கு விட்ட சோண்டர் என்ற நிறுவனம் 2025 நவம்பரில் மூடப்பட்டபோது, தங்கியிருந்தவர்களையே சட்டென்று காலி செய்யச் சொன்னார்கள். மாதாமாதம் கட்டினால் போவது ஒரு மாதப் பணத்தோடு போகும்.

ஊர் மாறினால் விசா நாட்களும் புதிதாகத் தொடங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குறுகிய கால விசாவில், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் எந்த 180 நாளிலும் 90 நாள். சுற்றுலா விசாவில் உட்கார்ந்து வேலை பார்ப்பதும் பல நாடுகளில் கூடாது. அதற்கென்றே எஸ்டோனியா 2020-இலும் போர்ச்சுகல் 2022-இலும் தனி விசா கொண்டுவந்தன. ஒரு நாட்டில் 183 நாள் தாண்டினால் வரியும் பெரும்பாலும் அங்கேதான். உங்கள் கம்பெனியிடம் சொல்லாமல் நாடு மாறவே மாறாதீர்கள், அவர்களுக்கும் வரிச் சிக்கல் வரும்.

அப்புறம், படத்தில் மேசை அழகாகத்தான் இருக்கும். நாற்காலிக்கு முதுகு இருக்கிறதா, பக்கத்தில் பிளக் இருக்கிறதா, கதவைச் சாத்திக்கொண்டு பேச இடம் உண்டா என்று கேளுங்கள். எல்லோரும் வேலையில் இருக்கும் நேரத்தில் எடுத்த வைஃபை வேகச் சோதனையின் படத்தையும், அப்லோட் வேகம் தெரிகிற மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். அப்லோட் வேகம் குறைவாக இருந்தால் வீடியோ அழைப்பு அறுந்துபோகும்.

எந்த நாடு, என்ன விசா என்று எழுதுங்கள். முகவரிச் சான்று அங்கே தேவையா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.