ஏரி மீன் குத்தகையை எந்தத் துறையில் ஆராய்வது?

கேள்வி: முதுகலை விலங்கியல் முடித்து, ஒரு கல்லூரியில் கற்பித்து வருகிறேன். எங்கள் பகுதி ஏரிகளில் மீன்பிடி குத்தகை யாருக்குப் போகிறது, அதைப் பொறுத்து எந்த மீன் வளர்க்கப்படுகிறது, எது மறைகிறது என்பதைப் பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு ஆராய விரும்புகிறேன். விலங்கியல் துறையினர் இதைப் பொருளியல் என்கிறார்கள். பொருளியல் துறையினர் என்னை விலங்கியல் மாணவி என்கிறார்கள். பல துறைகள் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தில் உண்மையில் என்னென்ன ஆய்வுகள் நடக்கின்றன என்பதை வெளியிலிருந்து எப்படி அறிவது? தரவரிசையை நம்பலாமா?

பதில்: தரவரிசை உங்கள் கேள்விக்கு விடை சொல்லாது. தேசியத் தரவரிசைக் கட்டமைப்பில் ஆய்வுக்கு நூற்றுக்கு 30 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருந்தாலும், அதில் பெரும்பகுதி ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களில் பதிவான கட்டுரைகளையும் அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்குப் பத்துக் கட்டுரை எழுதும் வேதியியல் ஆய்வகமும் பத்தாண்டில் ஒரே நூலை முடிக்கும் வரலாற்றுத் துறையும் ஒரே தராசில் நிற்கின்றன. தமிழில் வெளியாகும் ஆய்விதழ்களோ அத்தராசில் ஏறுவதே அரிது. ஒரு பல்கலைக்கழகம் எவ்வளவு எழுதுகிறது என்பதை அந்த எண் ஓரளவு காட்டலாம், எதைப் பற்றி எழுதுகிறது என்பதைக் காட்டாது. உங்களுக்குத் தேவை இரண்டாவது.

ஆய்வின் பரப்பு எவ்வளவு வேறுபட்டிருக்கும் என்பதற்கு, 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கியது. ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. வடமொழித் துறையில் 1935இல் தொடங்கிய சுவடிப் பட்டியல்களின் தொகுப்புப் பணி பல தலைமுறை அறிஞர்களைக் கடந்தது. இதே பல்கலைக்கழகத்தில்தான் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அமைப்புடையது என்பதை 1954இல் சில பக்கக் கட்டுரையாக வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்பதைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வந்தது. அகராதிக்குத் தேவைப்பட்ட கால அளவையும் இக்கட்டுரைகளுக்குத் தேவைப்பட்ட கால அளவையும் ஒப்பிட்டு எது பெரிது என்று கேட்பதில் பொருளில்லை.

ஆனால் ராமச்சந்திரன் கதையில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு செய்தி உண்டு. அவர் இயற்பியல் பேராசிரியர். ஆராய்ந்ததோ தோலிலும் தசைநாணிலும் இருக்கும் பொருள். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல்கலைக்கழக வளாகத்துக்கு அருகிலேயே இருந்ததால் கொலாஜன் மாதிரிகள் அவருக்கு எளிதாகக் கிடைத்தன. வேறு துறைக்கு உரியது என்று ஒதுக்கப்படக்கூடிய ஒரு கேள்வி, பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததாலும் அளக்கும் முறை அந்தத் துறையிடம் இருந்ததாலும் அங்கேயே வளர்ந்தது. ஆகவே உங்கள் தலைப்பு எந்தத் துறைக்குச் சொந்தம் என்று தேடாதீர்கள். நீங்கள் முதன்மையாகப் பயன்படுத்தப் போகும் முறை எந்தத் துறையினுடையது என்று தேடுங்கள். ஏரியில் வலையிட்டு இனங்களை எண்ணி, பருவந்தோறும் ஒப்பிடுவதே ஆய்வின் முதுகெலும்பு என்றால் அது விலங்கியல். குத்தகை ஏலப் பதிவேடுகளையும் வீட்டுக்கு வீடு எடுத்த கணக்குகளையும் நம்பி நிற்கப் போகிறது என்றால் அது பொருளியல். கட்லாவும் ரோகுவும் விட்டு லாபம் பார்க்க நினைக்கும் குத்தகைக்காரர் குஞ்சுகளைத் தின்னும் விராலை முதலில் அகற்றுகிறார் என்ற ஒரே உண்மையை இரண்டு துறையினரும் இருவேறு சான்றுகளால் நிறுவுவார்கள்.

பொருளியல் பக்கம் சாய்வதாக இருந்தால், உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் செல்லும் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து அவரவர் கிராமத்தை ஆராயச் சொன்னார். அந்த அறிக்கைகள் 1918இல் நூலாயின. தமிழ்நாட்டில் இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்கள் அவற்றில் இடம்பெற்றவை. 1930களின் பிற்பகுதியில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பச் சென்று மறு ஆய்வு செய்தார்கள். பின்னரும் பிறர் சென்றிருக்கிறார்கள். ஒரே ஊரைப் பல தலைமுறை இடைவெளியில் பார்ப்பதற்கு இதைவிட நல்ல அடிப்படை நம் பக்கத்தில் அரிது. இந்த ஊர்களில் ஒன்றை உங்கள் ஆய்வுக் களங்களில் சேர்த்தால், 'நீங்கள் விலங்கியல் மாணவி' என்ற மறுப்பின் வலு பாதியாகக் குறையும் என்பது என் கணிப்பு.

இனித் தேடும் வழி. பல்கலைக்கழகத்தின் துறைப் பட்டியலைப் பார்ப்பதைவிட, அங்கு ஏற்கப்பட்ட ஆய்வேடுகளைப் பார்ப்பதே சரி. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் பல்கலைக்கழக வாரியாகவும் துறை வாரியாகவும் இலவசமாகக் கிடைக்கின்றன. நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சுருக்கங்கள் ஷோத்கங்கோத்ரியில் உள்ளன. தலைப்பில் மட்டும் தேடாமல், நெறியாளர் பெயரில் தேடி, அவரிடம் முடித்த ஆறேழு பேரின் தலைப்புகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். மாவட்டப் பெயர் மட்டும் மாறி 'வாடிக்கையாளர் மனநிறைவு: ஓர் ஆய்வு' என்றே தொடரும் வரிசைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன், அத்தகைய நெறியாளரிடம் புதிய கேள்வியோடு போவது வீண். ஒவ்வொரு தலைப்பும் முந்தையதிலிருந்து ஓரடி நகர்ந்திருந்தால் அங்கே ஆய்வு உயிரோடு இருக்கிறது. பதிவு செய்த நாளும் முடித்த நாளும் தரப்பட்டிருந்தால் கழித்துப் பாருங்கள். மாணவர்கள் அங்கே எத்தனை ஆண்டு காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள ஆய்வேடுகளில் கணிசமானவை அதனோடு இணைந்த கல்லூரிகளின் ஆய்வுத் துறைகளில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். முதல் பக்கச் சான்றிதழில் நெறியாளர் எங்கே பணிபுரிந்தார் என்பதைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். கல்லூரி என்பதால் குறைவு என்று சொல்லவில்லை. ஏரிக்கரையை ஒட்டிய ஊரில் இருக்கும் ஒரு கல்லூரித் துறை உங்களுக்கு வளாகத்தைவிட வசதியாக அமையக்கூடும்.

விதிகள் உங்களுக்கு எதிராக இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் பகுதிநேர முனைவர் பட்டத்தை அனுமதிக்கின்றன. துறைகளைக் கடந்த ஆய்வுக்கு வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ இணை நெறியாளரை அமர்த்தலாம் என்றும் அவை சொல்கின்றன. பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்கக் கூடாது. நல்ல நெறியாளரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இந்த இரண்டையும் கேட்க மறந்து ஓராண்டை இழந்தவர்கள் உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்ற பழைய கட்டாயத்தை 2022 விதிமுறைகள் நீக்கிவிட்டன. இருப்பினும் அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் அறிவிக்கையில் கூடுதலாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பொருளியல் துறையில் பதிவதற்கு விலங்கியல் முதுகலை 'சார்ந்த பாட'மாக ஏற்கப்படுமா என்பதும் அந்த அறிவிக்கையில்தான் தெரியும். ஏற்கப்படாவிட்டால் விலங்கியலில் பதிந்து, பொருளியலிலிருந்து இணை நெறியாளரைக் கேளுங்கள். உங்கள் தகுதியை வைத்துப் பார்க்கையில் எனக்கு இதுவே எளிய வழியாகத் தோன்றுகிறது.

நெறியாளரைச் சந்திக்கப் போகும்போது தலைப்பை மட்டும் கொண்டு போகாதீர்கள். அவரிடம் முடித்த ஓர் ஆய்வேட்டைப் படித்து, அதில் விடுபட்டதையும் உங்கள் ஏரியில் அதை எப்படி நிரப்புவீர்கள் என்பதையும் இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். குறைந்தது இரண்டு ஏரிகளின் குத்தகைப் பதிவேட்டைப் பார்க்கும் அனுமதி கிடைக்குமா என்பதை அதற்கு முன்பே உரிய அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். பணியிலிருக்கும் கல்லூரியிடமிருந்து தடையின்மைச் சான்றையும் இப்போதே கேட்டு வையுங்கள். முனைவர் பட்டத்துக்காக நீங்கள் படிக்க வேண்டிய பாடப்பணிக் காலத்தில் தேவைப்பட்டால் உங்களைப் பணியிலிருந்து விடுவிப்பதாக அச்சான்றில் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் நிர்வாகங்கள் பெரும்பாலும் தயங்கும்.