சாரல்ல பொம்மை காயலயா? (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: அக்கா, கொலுவுக்காக பேப்பர் கூழ்ல செட்டியாரும் ஆச்சியும் செஞ்சேன். மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, பெயிண்டும் அடிச்சிட்டேன். இப்ப கழுத்துகிட்ட பூஞ்சை புடிச்சு வாடை வருது. சாரலும் விட மாட்டேங்குது. என்ன பண்ண?
- வாசகி, செங்கோட்டை

பதில்: பெயிண்ட் அடிச்சதுதாம்மா பிரச்சினை, உள்ள இருந்த ஈரம் வெளிய போக வழியே இல்லாம போச்சு. உங்க ஊர்ல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆரியங்காவு கணவாய் வழியா ஈரக்காத்து வந்துகிட்டே இருக்கும், கொலுவோ புரட்டாசில, அப்ப பொம்மை செய்யற மாசமெல்லாம் ஈர மாசம்தான். அதுக்கு ஏத்த மாதிரிதான் வேலை பாக்கணும். கூழை கட்டியா அப்பவே கூடாது. கட்டுக்கம்பிய ஆள் மாதிரி வளைச்சு, பழைய நியூஸ் பேப்பரை கசக்கி அதுமேல வச்சு நூலால இறுக்கி சுத்தி, கை கால் வயிறு எல்லாம் அதுலயே கொண்டு வந்துடுங்க. அப்புறம் கூழ் மேல லேசா பூசினா போதும், ஒரு பூச்சு முழுசா காயாம அடுத்தது போடாதீங்க. முட்டை அட்டை கிடைச்சா விடாதீங்க, அது ஏற்கனவே கூழ்ல செஞ்சதுதான், ஊற வச்சா சீக்கிரம் கரைஞ்சிடும். கூழ துணில போட்டு தண்ணிய நல்லா புழிஞ்சுட்டு ஃபெவிகால் சேத்து பிசைங்க, கொஞ்சம் கிராம்பு எண்ணெய் விட்டா பூஞ்சை அவ்வளவா அண்டாது. மைதா பசைல மயில்துத்தம் போடுவாங்க, பூச்சி வராதுதான், ஆனா அது விஷம், சமையல் மிக்ஸி பக்கமே போகக்கூடாது, குழந்தைங்க இருக்கற வீட்ல வேணவே வேணாம்.

காய வைக்க தரைல வைக்காதீங்க, கம்பி வலை மேல வச்சு டேபிள் ஃபேன் போட்டா அடிப்பக்கமும் காத்து படும். காஞ்சுதான்னு பாக்க பொம்மைய கன்னத்துல வச்சு பாருங்க, ஜில்லுனு இருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம், பிரஷ்ஷ எடுக்காதீங்க. இப்ப கெட்டுப்போன கழுத்த பிளேடால வெட்டி எடுத்துட்டு உள்ள வரைக்கும் நல்லா காய விட்டு புதுசா பூசுங்க, மேல மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சா மறுபடி வரும்.

கேள்வி: வீட்ல கிடக்கற பொருள வச்சு கதகளி பொம்மை செய்யலாமா?
- வாசகர், புனலூர்

பதில்: தாராளமா! அதுல கண்ணுக்கு முதல்ல படறது முகத்த சுத்தி இருக்கற வெள்ளை சுட்டி. அந்தக் காலத்துல அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைச்சு முகத்துலயே கட்டுவாங்க, இப்ப பேப்பர் வெட்டி ஒட்டறாங்க, அதனால பொம்மைக்கும் பேப்பரே சரியானதுதான். பழைய கல்யாண பத்திரிக்கையோட கெட்டி வெள்ளைப் பக்கத்த பிறை மாதிரி வெட்டி தாடைல செங்குத்தா நிக்கற மாதிரி ஒட்டுங்க. பச்சை வேஷம்னா முகம் பூரா பச்சை, அது நல்ல நாயகனுக்கு. கத்தி வேஷத்துக்கு பச்சைக்கு நடுவுல சிவப்பு வரும், ராவணன் மாதிரி ஆளுங்களுக்கு. இத மாத்திட்டீங்கன்னா ஆட்டம் தெரிஞ்சவங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. உப்பலான பாவாடைக்கு உள்ள பேப்பர் உருண்டை திணிச்சு, மேல பழைய வேட்டிய கொசுவம் வச்சு சுத்துங்க. கிரீடத்துக்கு மாத்திரை அட்டையோட வெள்ளித்தாளும் ஸ்டிக்கர் பொட்டும் போதும், கடைல போய் எதுவும் வாங்காதீங்க.

கேள்வி: சிரட்டைல குரங்கு, ஆந்தை செய்யறேன், ஃபெவிகால்ல ஒட்டினா கழண்டு விழுது.
- வாசகி, புளியரை

பதில்: ரெண்டு வளைவு தொடற இடம் கொஞ்சூண்டுதான், பிடிக்காதுங்க. ஒட்டற இடத்துல ஆக்ஸா பிளேடால தட்டையா அறுத்து, உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கி எம்-சீல் வைங்க. இடுக்குல மரத்தூளும் ஃபெவிகாலும் குழைச்சு அடைங்க. ஆந்திராவோட கொண்டபள்ளி மர பொம்மைல கை கால தனித்தனியா செதுக்கி, புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் கலந்த பசையாலதான் ஒட்டறாங்க. அப்புறம் சிரட்டைக்கு பெயிண்ட் மட்டும் அடிக்காதீங்க, அந்த கறுப்புதான் அழகு. தேங்காண்ணெய் தொட்டு துணியால நல்லா தேய்ங்க, ஆனா ஒட்டறதெல்லாம் முடிஞ்ச பிறகு, எண்ணெய் பட்ட இடத்துல பசை நிக்காது.