வாசகர் கேளுங்க: ஆல்ப்ஸ் கணவாய்கள்ல சைக்கிள்ல போறது

போன இதழ்ல, பிரான்ஸ்ல, ஜெனீவா ஏரிக்கரைல இருக்குற தோனோன் ஊர்ல கிளம்பி நீஸ் கடற்கரை வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வந்தத பத்தி நாலே வரிதான் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்களப் பார்த்தா இத்தன பேர் மனசுக்குள்ள இந்த ஆசைய வச்சிருக்கீங்களான்னு ஆச்சரியமா இருக்கு. ஒரே மாதிரி கேள்விகள ஒண்ணாச் சேர்த்து பதில் சொல்றேன்.

எனக்கு வயசு 47. சமதரைல 80 கிலோமீட்டர் ஓட்டுவேன், ஆனா மலையே ஏறினதில்ல. என்னால முடியுமா, இல்ல ரேஸ் ஓட்டுறவங்களுக்கு மட்டும்தானா?

முடியும். நெசமாத்தான் சொல்றேன். ஆல்ப்ஸ் ரோடு எல்லாம் வண்டி போறதுக்காக போட்டது, அதனால பெரும்பாலும் 6, 7, 8 சதவீத சரிவுதான் (100 மீட்டர் போனா 7 மீட்டர் உயர்ந்தா அது 7 சதவீதம்), நடுவுல அங்கங்க 10 வரும். குன்றுப் பகுதில திடீர்னு செங்குத்தா நிக்குற ரோடு மாதிரி கிடையாது, ஆனா ஒரு தடவ ஆரம்பிச்சா மூணு மணி நேரம் முடியவே முடியாது, அதுதான் இதோட குணம்.

கணக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க. நீங்க, சைக்கிள், சாமான் எல்லாம் சேர்ந்து 90 கிலோன்னு வைங்க. சான்-மிஷெல் ஊர் 712 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க இருந்து தெலெக்ராஃப் கணவாய் (1,566 மீட்டர்) ஏறி, கொஞ்சம் இறங்கி வல்வார் ஊருக்குப் போயி, அங்க இருந்து 18 கிலோமீட்டர் ஏறினா கலிபியே கணவாய், 2,642 மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் ஏத்தம். விடாம 150 வாட் சக்தி கொடுக்க முடிஞ்சா உயரம் ஏறுறதுக்கு மட்டுமே ஏறக்குறைய மூன்றரை மணி நேரம், டயர் உராய்வு, காத்து, தண்ணி குடிக்க நிக்குறதுன்னு எல்லாம் சேர்த்தா நாலரை. 150 வாட்ங்குறது பேசிக்கிட்டே ஓட்டக்கூடிய வேகம்தான், பழகினவங்களுக்கு. ஆக கேள்வி கால்ல பலம் இருக்கான்னு இல்ல, நாலரை மணி நேரம் அவசரப்படாம இருக்க முடியுமான்னுதான்.

மலை இல்லாத ஊர்ல எப்படி பயிற்சி எடுக்குறதுன்னு அடுத்த கேள்வி வரும். எதிர்க்காத்துல ஓட்டுங்க, உட்கார்ந்த இடத்துல இருந்து எழுந்திரிக்காம 40 நிமிஷம், ஒரு மணி நேரம்னு ஒரே அழுத்தத்துல. அத விட முக்கியம், சனிக்கிழமை நாலு மணி நேரம் ஓட்டிட்டு ஞாயித்துக்கிழமை காலைல வலிக்குற காலோட மறுபடியும் நாலு மணி நேரம் ஓட்டுறது. ஒரு நாள் மலை ஏறுறத யார் வேணா செஞ்சிடலாம், மூணாவது நாள் காலைல சைக்கிள் மேல உட்காரும்போதுதான் இந்தப் பயணம் என்னன்னே தெரியும்.

எந்த வழி, எந்த மாசம், எத்தன நாள்?

முதல் தடவன்னா நான் போன வழியத்தான் சொல்வேன், பிரெஞ்சுக்காரங்க 'ரூத் தே கிராந்த் ஆல்ப்'னு சொல்ற பாதை. சுமார் 720 கிலோமீட்டர், ஏத்தத்த மட்டும் கூட்டினா 17,000 மீட்டர் சொச்சம். கொலொம்பியேர், அராவி, சேஸின்னு சின்ன கணவாய்கள்ல ஆரம்பிச்சு உடம்பு பழகுனதுக்கு அப்புறம்தான் ரோஸ்லான், இசெரான், கலிபியே, இஸுவார், வார்னு பெருசா வரும், கடைசில கயோல் இல்லன்னா பொனெத் தாண்டினா கடல் நோக்கி இறக்கம். இந்த வரிசைதான் இந்தப் பாதையோட பெரிய கருணைன்னு எனக்குத் தோணும். ஸ்டெல்வியோவும் நிறைய பேர் கேட்டிருந்தீங்க, இத்தாலில இருக்கு, 2,757 மீட்டர், பிராத்தோ பக்கம் இருந்து 24 கிலோமீட்டர்ல 48 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்ட கல்லு. 1820ல ஆரம்பிச்சு 1825ல கார்லோ தொனேகானிங்குற இன்ஜினியர் போட்டு முடிச்ச ரோடு. அழகுதான், ஆனா அது தனிப் பயணமா வச்சுக்கோங்க, இதோட சேர்க்காதீங்க, ரொம்ப தூரம்.

மாசம்னா ஜூன் கடைசி இல்லன்னா செப்டம்பர் முதல் பாதி. இசெரான், கலிபியே, பொனெத் எல்லாம் பனி வெட்டி திறக்கவே பல வருஷம் ஜூன் ஆகிடும். ஜூலை நடு, ஆகஸ்ட்ல ரோடு பூரா மோட்டார் சைக்கிளும் கேரவனும். ஆனா கோடைல சில கணவாய்கள்ல குறிப்பிட்ட நாள்ல காலைல சில மணி நேரம் மோட்டார் வண்டிய நிறுத்திட்டு சைக்கிளுக்கு மட்டும் விடுவாங்க, அந்த நாள் உங்க தேதியோட பொருந்தினா விட்டுடாதீங்க. அடிவாரத்துல ஒரு பலகை இருக்கும், கணவாய் பேருக்குப் பக்கத்துல 'ஊவேர்'னு இருந்தா திறந்திருக்கு, 'ஃபெர்மே'ன்னா மூடியிருக்கு. பலகை மூடியிருக்குன்னு சொன்னா மூடியிருக்குதான், சைக்கிள்தானே போயிடலாம்னு நினைக்காதீங்க.

நாள் கணக்கு: ஒன்பது நாள் ஓட்ட, ஒரு நாள் சும்மா. சும்மா இருக்குற நாளுக்கு பிரியான்சோன் நல்ல ஊர், பழைய கோட்டை ஊரு, ரயில் ஸ்டேஷனும் உண்டு.

என் சைக்கிள்ல கியர் போதுமா?

முன்னாடி சின்ன பல்சக்கரம் 34 பல், பின்னாடி பெருசு 34 பல். இதுதான் கனமில்லாம போறவங்களுக்கு குறைஞ்சபட்சம். இதுல நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா மணிக்கு ஏழரை கிலோமீட்டர் போவீங்க. 8 சதவீத ஏத்தத்துல சாதாரண ஆளுக்கு வர்ற வேகமே அதான். பை மாட்டிக்கிட்டு போறீங்கன்னா முன்னாடி 30 பல் இருந்தா முழங்கால் உங்களுக்கு நன்றி சொல்லும். சைக்கிள் கடைக்காரர் இவ்வளவு சின்ன கியர் எதுக்குன்னு கேட்டாலும் மாத்திக்கோங்க.

ஏத்தம் எனக்குப் பயமில்ல, இறக்கம்தான். கை மரத்துப் போயி பிரேக் பிடிக்க வராதோன்னு நினைச்சாலே நடுக்கமா இருக்கு. என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். (52 வயசு வாசகி)

அவர சிரிக்க வேணாம்னு சொல்லுங்க, நீங்க பயப்படுறதுதான் சரி. வந்த கடிதங்கள்லயே இந்தப் பயணத்த சரியாப் புரிஞ்சுக்கிட்டது உங்க கடிதம்தான்.

அடிவாரத்துல 25 டிகிரி இருக்கும், ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு ஆறரை டிகிரி குறையும், அப்ப கலிபியே மேல 12, 13. ஏறும்போது உடம்பு அடுப்பு மாதிரி எரியும், சட்டை பூரா வேர்வை, குளிரே தெரியாது. உச்சில போட்டோ எடுத்துட்டு அப்படியே இறங்க ஆரம்பிச்சீங்கன்னா, கால் மிதிக்கல, சூடு உண்டாகல, 50 கிலோமீட்டர் வேகத்துல காத்து ஈரச் சட்டைல அடிக்குது, அந்த 12 டிகிரி தோலுக்கு 8 மாதிரி இருக்கும், ஈரம் சேர்ந்தா இன்னும் மோசம். எனக்கு நடந்தத சொல்றேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு கலிபியேல இருந்து லொத்தாரே பக்கம் இறங்கினேன், எட்டு கிலோமீட்டர் சொச்சம்தானேன்னு முழுக் கையுறைய பைல இருந்து எடுக்கல. நாலாவது கிலோமீட்டர்ல விரல் மடங்குதான்னே தெரியல, பிரேக் லீவர் கைல இருக்கு ஆனா அழுத்துறேனா இல்லையான்னு புரியல. எப்படியோ ஓரமா நிறுத்தி, ரெண்டு கையையும் அக்குள்ல வச்சுக்கிட்டு பத்து நிமிஷம் புல்லுல உட்கார்ந்திருந்தேன். நான் போன பயணங்கள்லயே உயிருக்குப் பயந்த பத்து நிமிஷம் அதுதான்.

பெரிய வீரர்களுக்கும் இதே கதைதான். 1998 டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துல, கொட்டுற மழைல, மார்க்கோ பந்தானி கலிபியேல யான் உல்ரிச்ச விட்டுப் பிரிஞ்சு போனார். அங்க உச்சிய தாண்டினதும் நின்னு மழை ஜாக்கெட் போட்டுக்கிட்டுதான் இறங்கினார். உல்ரிச் பசியும் குளிரும் பஞ்சரும் சேர்ந்து அன்னிக்கு கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷம் இழந்தார், மொத்தப் பந்தயத்துல முன்னணில இருக்குறவர் போடுற மஞ்சள் சட்டையும் போச்சு. ரோட்டோரத்துல பந்தானிக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கு, நான் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் போனேன்.

அதனால செய்ய வேண்டியது இது: உச்சிக்கு அரை கிலோமீட்டர் முன்னாடியே வேகத்த குறைங்க, வேர்வை அடங்கட்டும். நின்னதும் முதல் வேலை ஈர உள்சட்டைய கழட்டி காஞ்சத போடுறது, அதுக்கு மேல காத்துத் தடுக்குற ஜாக்கெட், காதை மூடுற மாதிரி ஒரு துணி, விரல் பூரா மூடுற கையுறை. இதுக்கு அப்புறம்தான் போட்டோ. கையுறை பையோட அடில இருக்கக் கூடாது, கை விட்டா எடுக்குற மாதிரி முதுகுப் பாக்கெட்ல இருக்கணும்.

பிரேக் பத்தியும் சொல்லிடுறேன். நீங்க மூணு மணி நேரமா சேர்த்து வச்ச உயரம் அத்தனையும் இறக்கத்துல சூடா வெளிய போயாகணும், கொஞ்சம் காத்துல போகும், மீதி பிரேக்லதான். விடாம லேசா பிடிச்சுக்கிட்டே இறங்கினா பிரேக் பேடும் ரிம்மும் ஆறவே நேரம் கிடைக்காது. நேர் ரோட்டுல விடுங்க, வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் நல்லா பிடிச்சு வேகத்த குறைங்க, வளைவுக்குள்ள போகும்போது விட்டுடுங்க. பார்வை வளைவு முடியுற இடத்துல இருக்கணும், முன்சக்கரத்த பார்த்தா அங்கயேதான் போவீங்க. கை வலிச்சா நிறுத்துங்க, சக்கரமும் ஆறும் கையும் ஆறும். கார் உங்களத் தாண்டிப் போகட்டும், மோட்டார் சைக்கிள் போகட்டும், உங்களுக்கு என்ன அவசரம்?

எவ்வளவு சாமான்?

தண்ணி, சாப்பாடு சேர்க்காம ஆறு கிலோவுக்குள்ள. ஓட்டுற உடை ரெண்டு செட், சாயங்காலத்துக்கு ஒண்ணு, மேல சொன்ன குளிர் சாமான், ட்யூப் ரெண்டு, புது பிரேக் பேட் ஒரு ஜோடி. முன்னும் பின்னும் லைட் கட்டாயம், இசெரான் ஏறும்போது தீன்ய் அணைப் பக்கம் வரிசையா சுரங்கப் பாதை வரும், உள்ள இருட்டு, வண்டி சத்தம் காதடைக்கும். பிரான்ஸ்ல ஊருக்கு வெளிய ராத்திரியோ வெளிச்சம் கம்மியா இருக்கும்போதோ ஒளி பிரதிபலிக்குற வெஸ்ட் போடணும்னு சட்டமே இருக்கு.

நான் சைவம். அங்க பட்டினி கிடப்பேனா?

கிடக்க மாட்டீங்க, ஆனா திட்டம் வேணும். கலிபியே மாதிரி ஒரு நாளைக்கு ஏத்தத்துக்கு மட்டுமே 2,000 கலோரி கிட்ட எரியும், அதனால பசிக்குறதுக்கு முன்னாடியே, முக்கா மணி நேரத்துக்கு ஒரு தடவ ஏதாவது வாய்ல போட்டுக்கிட்டே இருக்கணும். மலை ஊர்கள்ல மதியம் பன்னண்டரைல இருந்து மூணு மணி வரைக்கும் பல கடை மூடிடும், ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல கேக்கவே வேணாம், காலைலயே பேக்கரில ரொட்டியும் சீஸும் வாழைப்பழமும் வாங்கிடுங்க. தங்குற இடத்துல ராத்திரி சாப்பாடு, படுக்கை, காலை உணவு சேர்ந்த 'தெமி பான்சியோன்' எடுத்தா நிம்மதி, புக் பண்ணும்போதே இறைச்சி, மீன் வேணாம்னு எழுதிடுங்க. தார்த்திஃப்லெத்னு உருளைக்கிழங்கு சீஸ் ஐட்டம் ஒண்ணு பார்க்க சைவம் மாதிரியே இருக்கும், உள்ள பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும், கேட்டு வாங்குங்க. தண்ணிக்கு ஊர் நடுவுல குழாய்த் தொட்டி இருக்கும், 'நோன் பொத்தாப்ல்'னு (குடிக்கத் தகாததுன்னு) எழுதியிருந்தா மட்டும் குடிக்காதீங்க. மத்த தொட்டித் தண்ணியோட ருசி இன்னும் என் நாக்குல இருக்கு, அந்தக் குளிர்ச்சி.

பாதி வழில வானிலை மாறினா? ஒரு கணவாய விட்டுட்டா பயணமே வீணாகிடாதா?

2019 டூர் த பிரான்ஸ்ல இசெரான் உச்சிய தாண்டி வீரர்கள் இறங்கிக்கிட்டு இருந்தப்பவே, முன்னாடி ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் ரோட்ட மூடிடுச்சுன்னு பந்தயத்தையே நிறுத்தினாங்க, நேரத்த உச்சில எடுத்துக்கிட்டாங்க, எகன் பெர்னாலுக்கு மஞ்சள் சட்டை அங்கதான் வந்துச்சு. அந்த அளவு ஏற்பாடு இருக்குறவங்களே நிறுத்தினாங்க.

கோடைல இடி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் கட்டும். ஏழு மணிக்கு கிளம்பி ஒரு மணிக்குள்ள உச்சிய தாண்டுற மாதிரி நாள அமைங்க. மேகம் கறுத்து இடி கேட்டா மேல போகாதீங்க, திரும்பி கீழ இறங்குங்க, உச்சில மரமும் கிடையாது கூரையும் கிடையாது. பூர்-சான்-மொரீஸ், மோதான், சான்-மிஷெல், பிரியான்சோன் எல்லாத்துலயும் ரயில் ஸ்டேஷன் இருக்கு, சைக்கிளோட ஏறிக்கலாமான்னு அந்த ரயிலுக்கு முன்கூட்டியே விசாரிச்சு வச்சுக்கோங்க. ஆபத்துன்னா 112.

எங்க பயணத்துல ரோஸ்லான் அடிவாரத்துல, போஃபோர் ஊர்ல, ஒரு நாள் முழுக்க மழைல மாட்டிக்கிட்டோம். மறுநாள் காலைல கிளம்பினப்ப ரோஸ்லான் ஏரித் தண்ணி பச்சையா, மலைல புதுப் பனி, ரோட்டுல எங்களத் தவிர யாரும் இல்ல. முந்தின நாளே பிடிவாதமா ஏறியிருந்தா மூடுபனிதான் பார்த்திருப்போம். அந்த ஒரு நாள ஈடுகட்ட கடைசில கயோல விட்டுட்டு வேற வழில பஸ் பிடிச்சோம், அதுக்கு இன்னொரு தடவ போகணும்னு இப்பவே தேதி பார்த்துக்கிட்டு இருக்கேன்.