வாசகர் கேள்வி–பதில்: உடைந்த தூண்டில் கோலும் காயலான் கடையும்

கேள்வி: என்னிடம் உள்ள 9 அடி நீளக் கார்பன் ராடு இரண்டு துண்டுகளாகக் கழற்றிப் பூட்டக்கூடியது. கடற்கரையில் வீசும்போது அதன் மேல் துண்டு நடுவில் முறிந்துவிட்டது. அந்தத் துண்டு மட்டும் தனியாகக் கிடைக்காது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். பழைய பொருட்களிலிருந்து ஏதேனும் ஒரு துண்டை எடுத்து இதைச் சரிசெய்ய முடியுமா? எதை, எங்கே தேட வேண்டும்?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: முடியும். பொறுமையாகச் செய்தால் அந்தக் கோல் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் தேடப் புறப்படுமுன் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். இந்த நிலையில் பெரும்பாலானோர் வலுவான பொருளைத் தேடுகிறார்கள். இரும்புக் கம்பியும் அலுமினியக் குழாயும் எளிதில் கிடைப்பதால் அவற்றில் ஒன்றை வெட்டி உள்ளே செருகிவிடுகிறார்கள். தூண்டில் கோல் வேலை செய்வதே அது வளைவதால்தான். மீன் இழுக்கும்போது வளைவு நுனியிலிருந்து அடி நோக்கிப் படிப்படியாகப் பரவி, இழுவிசையைக் கோலின் நீளம் முழுவதும் தாங்கிக்கொள்கிறது. இடையில் வளையாத ஒரு துண்டு புகுந்துவிட்டால், அந்தத் துண்டு முடியும் விளிம்பில் விசை குவிகிறது. அடுத்த முறிவு அங்கேதான் நிகழும். அலுமினியத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால், கடல்நீர் படும் இடத்தில் அதனுடன் ஒட்டியிருக்கும் அலுமினியம் விரைவாக அரித்து வெண்பொடியாக உதிரத் தொடங்கும்.

ஆகவே கோலைப் போலவே வளையும் குழாயைத்தான் தேட வேண்டும். அந்த வகையில், உடைந்த கோலுக்கு மிகப் பொருத்தமான பொருள் இன்னொரு உடைந்த கோல்தான் என்பது என் உறுதியான கருத்து. நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் வடிவம் வேறு எந்தப் பொருளிலும் இவ்வளவு இயல்பாக அமைவதில்லை. தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் வாடிக்கையாளர்கள் விட்டுச்சென்ற முறிந்த துண்டுகள் ஒரு மூலையில் கிடக்கும். கேட்டால் பெரும்பாலும் சிறு தொகைக்கோ சும்மாவோ தந்துவிடுவார்கள். துறைமுகச் சுவர்களிலும் பாலங்களிலும் நின்று தூண்டில் போடுகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள். போகும்போது உங்கள் உடைந்த துண்டைக் கையோடு கொண்டுபோவது அவசியம், ஏனெனில் அரை மில்லிமீட்டர் வேறுபாடு கூடப் பொருத்தத்தைக் கெடுத்துவிடும்.

அப்படிக் கிடைக்காவிட்டால் இறகுப்பந்து மட்டைக்கு நரம்பு கட்டும் கடைக்குச் செல்லுங்கள். மட்டையின் தலைப்பகுதி உடைந்தபின் தூக்கியெறியப்படும் கார்பன் தண்டு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய். மெல்லிய கோல்களின் நடுப்பகுதிக்கு அது நன்றாகப் பொருந்தும். கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலை ஊர்களில் கூடாரம் வாடகைக்கு விடுவோரிடம் ஃபைபர் கிளாஸ் எனப்படும் கண்ணாடி இழையால் ஆன கூடாரக் கம்புகள் உடைந்த நிலையில் கிடைக்கலாம். நுனிக்கு அருகில் உள்ள மிக மெல்லிய பகுதிக்கு, இப்போதைய குடைகள் சிலவற்றில் வரும் கண்ணாடி இழைக் கம்பி போதும். குடை பழுதுபார்ப்பவர் அதைக் குப்பையாகத்தான் வைத்திருப்பார். சென்னைக்காரர்கள் உடனே புதுப்பேட்டையை நினைப்பார்கள். அங்கே வண்டி உதிரிபாகங்களுக்குக் குறைவில்லை என்றாலும், இந்த வேலைக்கு வேண்டிய இழைக் குழாய்க்கு அது சரியான இடம் அன்று.

இனிச் செய்முறை. கிடைத்த குழாயை முறிவுக்குள் செருகலாம், அல்லது முறிவின் மேல் உறையாகப் போர்த்தலாம். முறிந்த முனைகளில் சிம்புகளை மட்டும் அகற்றுங்கள். நீளத்தை வீணாக வெட்ட வேண்டாம். கோலுக்குள் செருகும் துண்டை, முறிந்த பகுதியின் தடித்த முனை வழியாக உள்ளே விட்டு, அது இறுகி நின்று முறிவு வாயிலிருந்து வெளியே நீளும் வரை தள்ளி, நீண்டிருப்பதன் மேல் மறு பகுதியை ஏற்ற வேண்டும். வெளியே போர்த்தும் உறையாக இருந்தால், தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கழற்றிவிட்டு நுனிப் பக்கமிருந்து இறக்க வேண்டும். எந்த முறையாயினும் முறிவுக்கு இருபுறமும் குழாயின் விட்டத்தைப் போல் 8 முதல் 10 மடங்கு நீளம் பிடிமானம் இருப்பது நல்லது. ஒட்டும் பரப்புகளின் பளபளப்பை உப்புத்தாளால் போக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு குழாய்களாக வரும் எபாக்சி பசையில் மெதுவாக இறுகும் வகையைப் பூசுங்கள். நொடியில் ஒட்டும் பசை காய்ந்தபின் நொறுங்கும் தன்மை கொண்டது. வளையும் இணைப்புக்கு அது ஆகாது. உறையின் இரு விளிம்புகளையும் சரிவாகத் தேய்த்து, அவற்றுக்கு மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி எபாக்சி பூசினால் விளிம்பு பிளக்காது. ஒரு முழு நாள் கோலைத் தொடாதீர்கள். அதன் பிறகும், ரீலின் இறுக்கத்தைச் சற்றுக் குறைத்து வைத்தே பயன்படுத்துங்கள்.

உப்புத்தாள் போடும்போது நீரில் நனைத்துத் தேய்ப்பதும், மூக்கையும் வாயையும் முகமூடியால் மறைத்துக்கொள்வதும் கட்டாயம். கார்பன் தூசியும் கண்ணாடி இழைத் தூசியும் தோலையும் மூச்சுக்குழாயையும் உறுத்தக்கூடியவை. குழந்தைகள் புழங்கும் அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கேள்வி: என் தூண்டில் கோலின் வளையங்களில் இரண்டு துருப்பிடித்துவிட்டன, ஒன்றில் உள்ளே இருந்த பீங்கான் வளையம் கழன்று விழுந்துவிட்டது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்துப் போடலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: எந்த நரம்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண நைலான் நரம்பு என்றால் துருப்பிடிக்காத எஃகில் செய்த ஸ்போக்ஸ் கம்பியை ஒரு தடித்த ஆணியைச் சுற்றி வளைத்து, கால்கள் இரண்டையும் அரத்தால் தட்டையாக்கிக் கோலில் நூலால் கட்டலாம். முலாம் பூசிய சாதாரணக் கம்பியை எடுத்தால் கடற்காற்றில் மீண்டும் துருவே மிஞ்சும். பல இழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நரம்பு பயன்படுத்துகிறீர்கள் என்றால் இந்த யோசனையைக் கைவிடுங்கள். அது மென்மையான உலோகத்தில் பள்ளம் அறுத்துவிடும், பிறகு அந்தப் பள்ளம் நரம்பை அறுக்கும். பின்னல் நரம்புக்குப் பீங்கான் பதித்த வளையம்தான் வேண்டும். அதை முறிந்த கோல்களிலிருந்து கழற்றிக்கொள்ளலாம்: நூல் கட்டை வளையத்தின் காலுக்கு மேலாகப் பிளேடால் கீறி எடுத்தால், கோலில் வெட்டு விழாமல் வளையம் முழுதாக வந்துவிடும். வாங்கும் ஒவ்வொரு பழைய வளையத்துக்குள்ளும் ஒரு பஞ்சுத் துணுக்கை நுழைத்துச் சுழற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் பஞ்சின் இழை பிடித்துக் காட்டிவிடும். பீங்கான் விழுந்துபோன வெறும் சட்டகத்தில் நரம்பை ஓட விடுவது, ஒரு நாளைக்காக இருந்தாலும், வேண்டாம்.

நுனி வளையம் மட்டும் உடைந்திருந்தால் அதைச் சூட்டில் இளகும் பசைக்குச்சியால் ஒட்டுங்கள். பின்னர் மாற்ற நேர்ந்தால் கொதிநீரில் சிறிது நேரம் காட்டினாலே கழன்றுவிடும். நெருப்பை நேரடியாகக் காட்டிக் கோலைக் கருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பிடியில் இருந்த நுரைப்பஞ்சு உதிர்ந்துவிட்டது. மாற்றாக என்ன போடலாம்?
— ஒரு வாசகி, மேட்டூர்

பதில்: தேய்ந்த ஹவாய் செருப்பின் அடிப்பாகம் மிக நல்ல பொருள். அதை வட்டத் துண்டுகளாக வெட்டி, நடுவில் கோலின் தடிமனைவிடச் சற்றுச் சிறிய துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டியபின் உப்புத்தாளால் உருட்டித் தேய்த்தால் கைக்கு இதமான பிடி கிடைக்கும். அவ்வளவு வேலைக்கு நேரமில்லை என்றால், பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுங்கள். ஈரக் கையிலும் வழுக்காது.

கேள்வி: காயலான் கடையில் கருப்பு நிறக் குழாய்கள் சில கிடைத்தன. அவை கார்பனா, கருப்பு வண்ணம் பூசிய கண்ணாடி இழையா என்று எப்படி அறிவது?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வெட்டு முனையை உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள். வண்ணம் போனபின் வெள்ளைத் தூள் வந்தால் கண்ணாடி இழை. கடைசி வரை கருந்தூளே வந்தால் பெரும்பாலும் கார்பன். ஐயம் தீராவிட்டால் வண்ணத்தைச் சுரண்டிய இரண்டு இடங்களில் மல்டிமீட்டரின் முனைகளை வையுங்கள். மின்சாரம் கடந்தால் அது கார்பன். ஒரே பருமனில் எடையும் உதவும்: கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், கார்பன் இழையினது ஏறத்தாழ 1.8 கிராம்.

இந்த வேறுபாடு பொருத்தத்துக்கு மட்டும் உரியதன்று. மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் கோலை மின்கம்பிக்கு அருகில் உயர்த்துவது உயிருக்கே ஆபத்து. ஈரமான கண்ணாடி இழைக் கோலும் மூங்கில் கோலும்கூட அந்த இடத்தில் பாதுகாப்பானவை அல்ல. காவிரிப் பாசன வாய்க்கால்களின் கரையோரம் பல இடங்களில் மின்கம்பிகள் தாழ்வாகச் செல்கின்றன. அங்கே எந்தக் கோலையும் விரித்துப் பிடிக்காதீர்கள், கம்பிகளைத் தாண்டி வெகுதூரம் சென்றபின்பே துண்டுகளைப் பூட்டுங்கள்.