பல் கம்பிக்கு எதற்குக் கடன்?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. தெத்துப்பல்லைச் சரிசெய்ய மெட்டல் கிளிப் (கம்பி) என்றால் 45,000 ரூபாய், கழற்றி மாட்டுகிற, வெளியே தெரியாத பிளாஸ்டிக் உறையான அலைனர் என்றால் 1.8 லட்சம் என்கிறார் டாக்டர். அலைனருக்கு 24 மாத இஎம்ஐ உடனே கிடைக்குமாம். "பொம்பளப் புள்ளைக்குப் போய் கம்பியா?" என்கிறார் நாத்தனார். கணவர் சம்பளம் 45,000. பைக், ஃபிரிட்ஜ், போன் என்று மாதம் 13,700 இஎம்ஐ போகிறது. போன் தவணை 2,400, ஜூனில் முடியும். கையிருப்பு 20,000. அலைனர் போடலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் சகோதரி, கம்பியே போதும். எந்தச் செலவு வந்தாலும் 'இஎம்ஐ கிடைக்குமா' என்று கேட்கும் பழக்கம்தான் உங்கள் வீட்டுக் கணக்கைக் கெடுக்கிறது.

1.8 லட்சத்துக்கு 16% வட்டி என்று வைத்தால் மாதம் சுமார் 8,800. வட்டி மட்டும் 31,000-க்கு மேல். பழைய 13,700-ஐச் சேர்த்தால் 22,500. பாதிச் சம்பளம் போயிற்று! வட்டியே இல்லை என்பார்கள், நம்பாதீர்கள். அந்த வட்டி விலைக்குள்தான் இருக்கும்.

கம்பி சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம் நடக்கும். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை போய்க் கம்பியை மாற்ற வேண்டும், முறுக்க வேண்டும். பணத்தையும் அப்படியே பிரித்துக் கேளுங்கள், பல டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்கள். முதலில் 15,000, அப்புறம் 20 தடவைக்கு 1,500 வீதம். வட்டி கிடையாது. கடன் என்றால் மொத்தப் பணமும் முதல் நாளே கிளினிக்குக்குப் போய்விடும். அமெரிக்காவில் அலைனர் விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் இழுத்து மூடியது. சிகிச்சை பாதியில் நின்றவர்களையும் தவணையைத் தொடர்ந்து கட்டச் சொன்னது.

தவிர, அலைனரைத் தினமும் 20 மணி நேரத்துக்கு மேல் மாட்டியிருக்க வேண்டும். பள்ளியில் சாப்பிடக் கழற்றி டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துத் தொலைத்தால் அதற்கும் தனிச் செலவு.

கம்பி முறுக்கிய இரண்டு மூன்று நாள் வலிக்கும். குழைந்த ரசம் சாதம், இட்லி கொடுங்கள். முறுக்கு, கரும்பு கூடாது. கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட் பெயர்ந்தால் மறுபடி ஒட்டக் காசு கேட்பார்கள். பல் பிடுங்க, எக்ஸ்ரே, கடைசியில் பல்லை அப்படியே பிடித்து வைக்க மாட்டும் ரிடெய்னர் எல்லாம் 45,000-க்குள் வருமா என்று எழுதி வாங்குங்கள். ரிடெய்னரை விட்டால் பல் பழையபடி நகரும்.

ஜூனில் போன் தவணை முடிந்ததும் அந்த 2,400-ஐ ஆர்.டி.யில் போடுங்கள். ரிடெய்னருக்கு அதுவே போதும். நாத்தனாரிடம் கணக்கைக் காட்டி, உங்கள் கணவரே பேசட்டும்.