உத்தரவை என் மகன் மறுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு இருபது வயது. அக்னிவீரனாகத் தேர்வாகி, பயிற்சி முடித்து, சத்தியப் பிரமாணமும் எடுத்துவிட்டான். விடுமுறைக்கு வந்த இடத்தில் அவனுக்கும் என் அண்ணனுக்கும் சாப்பாட்டு நேரத்தில் வாக்குவாதம். அண்ணன் இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "மேலே இருப்பவர் சொன்னால் செய்ய வேண்டும். யோசிப்பது உன் வேலையில்லை" என்கிறார். "நான் சத்தியம் செய்தது அரசியலமைப்புக்கு மாமா. சட்டத்துக்குப் புறம்பான உத்தரவென்றால் மறுப்பதும் என் கடமைதான்" என்கிறான் மகன். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். மகனிடம் நான் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டு நாலு வருடத்தை ஓட்டிவிட்டு வா என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.
ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்னது சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையன் அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டானோ என்ற கலக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது, அது வேண்டாம். எடுத்த சத்தியத்தில் என்ன சொன்னோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள். உங்கள் அண்ணன் பேச்சிலும் பெரும்பகுதி நியாயமே. எதுவரைக்கும் நியாயம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இராணுவத்தில் எடுக்கும் உறுதிமொழியில் முதலில் வருவது, சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசியலமைப்பிடம் உண்மையான விசுவாசத்தோடு இருப்பேன் என்பது. அடுத்து, நேர்மையாகப் பணியாற்றுவேன், தரை வழியோ கடல் வழியோ வான் வழியோ எங்கே அனுப்பினாலும் போவேன் என்று வரும். கடைசியில்தான், குடியரசுத் தலைவரின் கட்டளைகளுக்கும் எனக்கு மேலுள்ள அதிகாரியின் கட்டளைகளுக்கும் என் உயிருக்கே ஆபத்து என்றாலும் கீழ்ப்படிவேன் என்பது. மாமா கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், மருமகன் முதல் பகுதியை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் உங்கள் மகன் படையில் சேர்ந்திருக்கிறான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவன் பணயம் வைத்தது தன்னுடைய உயிரை. கைகட்டி நிற்கும் இன்னொருவரின் உயிரைப் பறிக்க அந்தச் சத்தியத்தில் எங்கும் இடமில்லை.

இனி சட்டம். அக்னிவீரர்களுக்கும் 1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் பொருந்தும். அதன் 41-ஆவது பிரிவுதான் கீழ்ப்படியாமையைக் குற்றமாக்குகிறது. மேலதிகாரி நேரில் இட்ட கட்டளையை வேண்டுமென்றே எதிர்த்து மீறினால் பதினான்கு ஆண்டுகள் வரை சிறை. கடுமையான தண்டனைதான். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது சட்டபூர்வமான கட்டளையைப் பற்றி மட்டுமே. சட்டத்துக்குப் புறம்பான கட்டளையை மீறியவனை அந்தப் பிரிவின் கீழ் தண்டிக்க வழியில்லை. உங்கள் மகன் சொல்வது புத்தகப் படிப்பால் வந்த வீம்பு அல்ல. அவனைக் கட்டுப்படுத்தும் சட்டத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

அதற்காக, பிடிக்காத உத்தரவெல்லாம் சட்டவிரோதமான உத்தரவு ஆகிவிடாது. பனிமலையில் இரவுக் காவல், மறுக்கப்பட்ட விடுப்பு, அநியாயமாகத் தோன்றும் தண்டனைப் பயிற்சி, குண்டு பாயும் திசையில் முன்னேறச் சொல்வது, அரசின் ஒரு முடிவு மனதுக்கு ஒவ்வாதது, எதுவும் மறுப்பதற்குக் காரணமில்லை. இங்கே உங்கள் அண்ணன் சொல்வதே வேதம். ஒவ்வொரு சிப்பாயும் ஒவ்வொரு உத்தரவையும் எடைபோட்டுக்கொண்டு நின்றால் பக்கத்தில் நிற்பவன் செத்துப்போவான். பல ஆண்டுகள் சீருடையில் இருந்தவருக்கு இது எலும்பில் ஊறியிருக்கும். அவர் கோபத்தில் எழுந்து போனதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுக்க வேண்டிய உத்தரவு வேறு ஜாதி. சரணடைந்தவனைச் சுடு, பிடிபட்டவனைச் சித்திரவதை செய், பெண்ணைக் கெடு, நிராயுதபாணிகளைக் கொன்றுவிட்டுத் தாக்க வந்தார்கள் என்று எழுது. இவற்றைக் கேட்டவுடன் குற்றம் என்று தெரிந்துகொள்ள வக்கீல் தேவையில்லை. கலவரப் பகுதிகளில் படையினருக்குத் தனி அதிகாரம் தரும் ஆயுதப்படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டம் செல்லும் என்று 1997-இல் தீர்ப்பளித்த அதே உச்ச நீதிமன்றம், செய்யத்தக்கவை, செய்யத்தகாதவை என்று இராணுவமே வகுத்துக் கொடுத்திருக்கும் விதிகள் படையினரைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது. படையினரும் போலீஸாரும் ஆட்களைச் சட்டவிரோதமாகக் கொன்றதாகச் சொல்லப்பட்ட மணிப்பூர் வழக்கில் 2016-இல், படையினருக்கு முழு விதிவிலக்கு என்று எதுவும் கிடையாது என்றது.

2011-இல் அதே நீதிமன்றம் இன்னும் பட்டவர்த்தனமாகப் பேசியது. போலி என்கவுன்ட்டர் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட போலீஸாருக்கு ஜாமீன் ரத்தானதை உறுதிசெய்த பிரகாஷ் கதம் வழக்குத் தீர்ப்பு அது. மேலதிகாரி சொன்னார் என்பது சாக்கு ஆகாது, அப்படிப்பட்ட உத்தரவை மறுப்பது கடமை, மறுக்காதவர் கொலைக் குற்றத்துக்கு ஆளாவார் என்று அதில் இருக்கிறது. உலகப் போருக்குப் பின் நூரெம்பர்க்கில் நாஜிகள் இதே சாக்கைச் சொல்லிப் பார்த்ததையும் நீதிபதிகள் நினைவூட்டினார்கள். வழக்கு போலீஸாருடையது என்றாலும் காரணம் சீருடை அணிந்த எல்லோருக்கும் பொருந்தும். "வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிட்டு வா" என்று நீங்கள் சொல்ல நினைப்பது பிள்ளையைக் காப்பாற்றத்தான். ஆனால் அந்த வழி அவனைத் தூக்குக் கயிறு வரைகூடக் கொண்டுபோகலாம்.

ஒரு ஆறுதலையும் சொல்ல வேண்டும். சந்தேகமான இடத்தில் சட்டம் சிப்பாயின் பக்கம் நிற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 14-ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 76-ஆக இருந்தது, தரும் உதாரணமே ஒரு சிப்பாயைப் பற்றியதுதான். சட்டம் கட்டளையிடும் முறையில், மேலதிகாரி சொல்ல, கலகக் கூட்டத்தின் மீது சுட்டவன் குற்றவாளி அல்ல. நடந்தது என்ன என்பதை நல்லெண்ணத்தில் தவறாகப் புரிந்துகொண்டாலும் பாதுகாப்பு உண்டு. சட்டத்தையே தவறாகப் புரிந்துகொண்டேன் என்பதற்கு மட்டும் இல்லை. ஆகவே மகன் ஒவ்வொரு நிமிடமும் பயந்து சாக வேண்டியதில்லை.

மறுத்தவர்கள் நம் நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். 1930 ஏப்ரல் 23, இன்று பாகிஸ்தானில் இருக்கும் பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெரு. விடுதலைப் போராட்டத் தலைவர் கான் அப்துல் கஃபார் கானைக் கைது செய்ததற்காக மக்கள் திரண்டிருந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. கர்வால் ரைஃபிள்ஸ் படையினரை எதிரே நிறுத்தி, சுடச் சொன்னார் வெள்ளைக்கார அதிகாரி. அருகில் நின்ற ஹவில்தார் சந்திர சிங் கர்வாலி, சுடாதீர்கள் என்று குரல் கொடுத்தார். வீரர்கள் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவர்களும் மலை கிராமத்து ஏழைப் பிள்ளைகள், சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். இராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 1941-இல்தான் வெளியே வந்தார். சுதந்திர இந்தியா 1994-இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவரும் உங்கள் அண்ணனைப் போல ஹவில்தார்தான்.

அண்ணனுக்கு வலுவான துணை ஒன்று இருப்பதையும் மறைக்க மாட்டேன். காந்தியே இந்த மறுப்பை ஏற்கவில்லை. சுடச் சொன்னபோது சுடாத சிப்பாய் தன் சத்தியத்தை மீறுகிறான், நாளை நாங்கள் ஆட்சிக்கு வந்தால் இதே சிப்பாய்களைத்தான் பயன்படுத்துவோம், அவர்களுக்குக் கீழ்ப்படியாமையைக் கற்றுத்தர முடியாது என்ற பொருளில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளரிடம் பேசினார். காந்தி சொன்னதாலேயே அது எனக்குச் சரியாகிவிடவில்லை. சந்திர சிங் சத்தியம் செய்தது மன்னருக்கு. உங்கள் மகன் சத்தியம் செய்தது, அந்தக் கடைத்தெருவில் நின்றவர்களைப் போன்ற சாதாரண மக்களின் உயிருக்கு உத்தரவாதம் தரும் ஓர் அரசியலமைப்புக்கு. கூட்டத்தைக் கலைக்கப் படையை அழைத்தால்கூட, முடிந்தவரை குறைந்த பலம், முடிந்தவரை குறைந்த சேதம் என்பதுதான் இன்றைய சட்டம்.

வெளிநாட்டிலிருந்து ஒன்று. 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய் கிராமம். அமெரிக்கச் சிப்பாய்கள் கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றுகொண்டிருந்தார்கள். மேலே பறந்த ஹியூ தாம்ப்சன் என்ற 24 வயது ஹெலிகாப்டர் விமானி, ஓடி ஒளிந்த கிராமத்தாருக்கும் துரத்தி வந்த தன் நாட்டுச் சிப்பாய்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். கிடைத்தவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு, நடந்ததை மேலதிகாரிகளிடம் போய்ச் சொன்னார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1998-இல் அவருக்குப் பதக்கம் வந்தது. கொலைகளுக்காக 1971-இல் தண்டிக்கப்பட்ட லெப்டினன்ட் வில்லியம் காலி, கேப்டன் சொன்னதைச் செய்தேன் என்றுதான் வாதாடினார். எடுபடவில்லை.

நமக்கு இது புதிய பாடமா? மதுரையில் கோவலனைக் கொல்லப் போன காவலர்கள் அவன் தோற்றத்தைப் பார்த்து, இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கி நின்றதைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். பொற்கொல்லன் பேசிப் பேசி அந்தத் தயக்கத்தைக் கரைத்தான். குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசினான். பாண்டியனின் குற்றத்தைப் பற்றியே காலம் காலமாகப் பேசுகிறோம். சந்தேகம் வந்தும் கையைப் பிடித்துத் தடுக்காமல் நின்றவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

மறுப்பது எப்படி என்பதை உங்கள் மகன் தெரிந்துகொண்டே ஆக வேண்டும், ஏனென்றால் நியாயமான மறுப்பைக்கூடத் தவறான முறையில் செய்து மாட்டிக்கொள்ள முடியும். முதலில், உத்தரவைத் திரும்பச் சொல்லக் கேட்க வேண்டும். "ஐயா, புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்பது அவமரியாதை அல்ல. ஆத்திரத்தில் வாய் தவறிச் சொன்னவர்கள் இந்த இடத்தில் திருத்திக்கொள்வதுண்டு. திருத்தாவிட்டால், இது சட்டத்துக்குப் புறம்பானது, என்னால் முடியாது என்று மரியாதையாக, அதிகாரிக்குக் கேட்கும்படி, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். ஆயுதத்தை யார் பக்கமும் திருப்பக் கூடாது. இடத்தை விட்டு ஓடக் கூடாது. ஓடினால் படையை விட்டு ஓடிய குற்றம் தனியாகச் சேரும். எல்லாவற்றையும்விட முக்கியம், அவன் தனக்காக மட்டும் மறுக்க வேண்டும். மற்றவர்களைத் திரட்டினால் அதைக் கலகம் என்று எழுதிவிட முடியும். 37-ஆவது பிரிவின்படி கலகத்துக்கு மரண தண்டனை வரை உண்டு. கைப்பேசியில் படமெடுத்து வெளியே அனுப்புவதும் வேண்டாம். நோக்கம் நல்லதாக இருந்தாலும் அவன் மீதே வழக்கு திரும்பும்.

பிறகு, நடந்ததை அன்றைக்கே நேரத்தோடும் இடத்தோடும் எழுதி வைத்துக்கொண்டு, மேலே முறையிட வேண்டும். 26-ஆவது பிரிவு அதற்கானது. தன் அதிகாரி மீதே புகார் என்றால், அவருக்கு மேலுள்ளவரிடம் போகலாம். இராணுவ நீதிமன்றம் தண்டித்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு உண்டு. சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும், மறுத்த அன்று இரவே அவன் காவலில் வைக்கப்படலாம். மறுத்தவன் சொல்வதுதான் சரி என்று நீதிமன்றம் ஒத்துக்கொள்ள ஆண்டுகள் ஆகலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். சந்திர சிங்கின் பதினொரு ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. இதை உங்களிடம் மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆகவே, மகனிடம் என்ன சொல்வது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். "நல்லபடியாகக் கீழ்ப்படிந்து நட. ஆனால் கொலையோ கொடுமையோ செய்யச் சொன்னால் செய்யாதே. அதனால் வேலை போய் வந்தாலும், சிறைக்குப் போய் வந்தாலும் இது உன் வீடு" என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஒரு சிப்பாயின் கையை நடுங்க வைப்பது சட்டப் பிரிவு மட்டுமல்ல. ஊரில் அம்மா என்ன நினைப்பாள், தங்கையின் கல்யாணம் என்னாகும் என்ற நினைப்பும்தான். அந்தப் பாரத்தை இறக்கி வைக்க உங்களால் மட்டுமே முடியும்.

அண்ணனிடமும் நீங்களே போய்ப் பேசுங்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கேட்க வேண்டாம். பையன் கிளம்புவதற்குள் ஒரு சாயங்காலம் அவனோடு உட்காரும்படி கேளுங்கள். கம்பெனி கமாண்டரிடம் எப்படிப் பேசுவது, சுபேதார் மேஜரிடம் எந்த நேரத்தில் போய் நிற்பது, எழுதிக் கொடுக்கும் மனு யார் கை வழியாக மேலே போகும், எங்கே தேங்கி நிற்கும் என்பதெல்லாம் உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். என்னைப் போல வெளியே இருந்து சட்டம் படித்தவனால் அதைச் சொல்லித்தர முடியாது. அவர் சொல்லித்தர வேண்டும்.